தலை கழன்ற கதை

1

இந்தக் கதை எனக்குச் சண்டைக்குப் போன இடத்தில் கிடைத்தது.

நான் அப்போது வேறொரு நாவலில் இருந்தேன். சித்தன்னவாசல் மலையில் கற்படுக்கையில் படுத்து, உண்ணாமல் உயிர்விடும் ஒரு சமணத் துறவியைப் பற்றிய நாவல். ரொம்பக் கனமானது. அதில் யாரும் சிரிக்கமாட்டார்கள். நாலாவது அத்தியாயம் வரைக்கும் யாரும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலையில், துறவியின் கடைசி மூச்சை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்து, 'அவருடைய மூச்சு, காற்றில் சாயும் புல்லைப்போல மெல்ல, மிக மெல்ல' என்பதுவரை வந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே 'ர்ர்ரீஈஈங்' என்று ஒரு மிஷின் அலறியது. துறவி பிழைத்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. புல் இடுப்பளவு வளர்ந்து, பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போவதில்லை. அங்கிருந்துதான் சத்தம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொல்லவேண்டிய வார்த்தைகளைப் படியிறங்கும்போதே வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். மிஷினைப் பிடித்திருந்தது ஒரு பெண். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, முகமெல்லாம் பச்சைத் தூள். என்னைப் பார்த்ததும் மிஷினை அணைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்:

"அக்கா, சத்தம் எந்த எடத்துல மாறுச்சுன்னு கவனிச்சீங்களா?"

சண்டைக்கு வந்தவளிடம் அபிப்பிராயம் கேட்டால் என்ன செய்வது? கடைசியில் கொஞ்சம் கீச்சென்று ஏறினதுபோல இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். பச்சைக் கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். புல்லை அறுக்கும் நைலான் நரம்பு தேய்ந்து குட்டையானால் சத்தம் ஏறுமாம். அது எனக்கே கேட்டிருக்கிறது என்றால் நான் சாதாரண ஆள் இல்லையாம்.

அவள் பெயர் ரிஃபானா. இது அவளுடைய கதை. அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மிஷினைப் பற்றித் தப்பாக எழுதக்கூடாது. மனிதர்களைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

2

தொடக்கம் எழுதுவதற்குள் நுரை தள்ளிவிட்டது.

முதலில் எழுதியது: 'மணமேல்குடியில், அலைகளின் ஓசை தாலாட்டும் ஒரு வீட்டில் ரிஃபானா பிறந்தாள்.' இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் வீட்டில் பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தம்தான் கேட்கும் என்றாள். அடித்துவிட்டேன்.

அடுத்து எழுதியது: 'சுழலும் ஒவ்வொரு பொருளும் தன் மையத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது.' இது எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தில் வாசித்தால் முன்வரிசையில் தலையாட்டுவார்கள். ஆனால் இதற்குப் பிறகு எந்த வாக்கியம் போட்டாலும் அது நாற்காலி கிடைக்காதவர் மாதிரி நின்றது. அதையும் விட்டாயிற்று.

மூன்றாவது இது: 'பாசித் போன் செய்தான். தலை சிக்கிக்கொண்டது என்றான்.'

இதுதான் சரி. இங்கிருந்து போவோம்.

பாசித், ரிஃபானாவின் கணவன். கல்யாணம் முடிந்த கையோடு ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனவன். அங்கே பூங்காக்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் புல் வெட்டுகிறான். தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாயா என்பான், சாப்பிட்டேன் என்பாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்பாள், சாப்பிட்டேன் என்பான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். பழக நாள் கிடைக்கவில்லை. மூச்சுவிடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் மாறி மாறிக் கேட்டுவிட்டு, வைத்துவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம், சாப்பாட்டு விசாரணை முடிந்ததும், சும்மா ஏதாவது சொல்லவேண்டுமே என்று பாசித் சொன்னான், இன்றைக்குத் தலை சிக்கிக்கொண்டது என்று.

எப்படிச் சிக்கிக்கொண்டது என்று கேட்டாள் ரிஃபானா.

அவன் இதுவரை பேசாததெல்லாம் பேசினான். போனில் சார்ஜ் தீரும்வரை பேசினான்.

[இங்கே அந்த மிஷினைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் நீளக் குழாய். ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் தேங்காய்மூடி அளவில் சுழலும் தலை. அந்தத் தலையிலிருந்து இரண்டு பக்கமும் நைலான் நரம்பு மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கத்தி கிடையாது. நரம்பு சுழன்று அடிக்கிற வேகத்தில் புல் அறுபடும். நரம்பு தேய்ந்தால் தலையைத் தரையில் ஒரு தட்டு தட்டவேண்டும். உள்ளே சுற்றிவைத்திருக்கும் நரம்பு இன்னும் கொஞ்சம் வெளியே நீளும். அப்படித்தான் விளம்பரத்தில் சொல்கிறார்கள். நடைமுறையில், உள்ளே சுற்றியது சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். தலையைக் கழற்றிப் பிரித்தால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் துள்ளிப் புல்லுக்குள் விழும். அப்புறம் புல்லுக்குள் ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.]

ரிஃபானா எப்படிச் சிக்கியது என்று கேட்டது மரியாதைக்கு அல்ல. அவள் மெக்கானிகல் படித்தவள். புதுக்கோட்டைக்கு வெளியே கோபிநாத் என்பவர் நடத்தும் பிளாஸ்டிக் பட்டறையில் அச்சுகளை வடிவமைப்பது அவள் வேலை. வாளி மூடி, ஸ்விட்ச் பெட்டி, பூத்தொட்டி என்று ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவள் வடிவமைத்த ஏதோ ஒன்று இருக்கும். ஒரு பொருள் சிக்குகிறது என்று கேட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

* இதைக் காதல் கதையாக எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "அது டெக்னிகல் டிஸ்கஷன்க்கா" என்றாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

3

இப்போது ஒரு சிக்கல். எனக்குப் பாசித்தின்மேல் நம்பிக்கை வரவில்லை.

கட்டின பெண்டாட்டியிடம் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசும் ஒருவனை எந்த வாசகர் நம்புவார்? அவனுக்குக் கொஞ்சம் கவிதைப் பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். 'பாலைவன நிலவே என்று பாசித் தன் டைரியில்' என்று எழுதத் தொடங்கி, எனக்கே வெட்கமாகப் போய் அங்கேயே நிறுத்திவிட்டேன். அவனை முன்கோபக்காரனாக்கலாமா என்றும் யோசித்தேன். அதை ரிஃபானாவிடம் சொன்னபோது, அவள் அவன் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். அதை அப்படியே தருகிறேன்:

"இன்னக்கி நரம்பு அறுந்துபோகல ரிஃபா. உள்ளுக்குள்ளயே உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சுப் பாத்தேன், பிரியவே மாட்டேங்குது. ஒன் ஞாவகம் வந்துருச்சு."

கவிதையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் வேலை ஆரம்பமானது. ரிஃபானாவின் யோசனை எளிமையானது. சிக்குவது சுற்றிவைப்பதால்தானே? சுற்றவே வேண்டாம். ஸ்பிரிங்கும் வேண்டாம். ஒரு துண்டு நரம்பை எடுத்து, கொண்டை ஊசி மாதிரி இரண்டாக மடக்கி, தலையின் அடியில் நடுத்தண்டில் மாட்டி, இரண்டு நுனிகளையும் பக்கத்துக்கு ஒன்றாக ஓட்டை வழியே வெளியே விட்டுவிடவேண்டியது. தலை சுழலச் சுழல நரம்பு தன்னாலேயே இறுகும். தேய்ந்துபோனால் உருவிப் போட்டுவிட்டு அடுத்த துண்டு.

(தன் தலைமுடியிலிருந்த கொண்டை ஊசியைப் பார்த்தபோது அவளுக்கு இந்த யோசனை பிறந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தாள், வந்தது.)

இந்த மாதிரித் தலைகள் கடையில் ஏற்கெனவே உண்டு என்பதையும் அவளே சொன்னாள். அவற்றில் நரம்பு ஓட்டையின் விளிம்பில் உராய்ந்து அறுந்துபோகும். ஆகவே அவளுடைய உழைப்பு முழுக்க அந்த விளிம்பில்தான் போனது. நாதஸ்வரத்தின் வாய்போல அது வெளிப்பக்கம் விரிந்து வளையவேண்டும். எவ்வளவு வளைவு என்பதுதான் கேள்வி. அந்த விளிம்புக்கு அவள் வைத்த பெயர் உதடு.

இதனால் வீட்டில் ஒரு குழப்பம் வந்தது. ரிஃபானா தன் மாமியார் சம்சுன் நிஹாரோடுதான் இருந்தாள். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். மருமகளும் மகனும் உதடு இன்னும் கொஞ்சம் வெளியே வரவேண்டும், உதடு ரொம்பச் சூடாகிறது, உதட்டை மழமழவென்று ஆக்கினால்தான் சரிப்படும் என்று வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்ததை அந்த அம்மாள் கேட்க நேர்ந்தது. முதலில் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு பேச்சு தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். போகும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததாக ரிஃபானா சொன்னாள். பிள்ளைகள் பழகிவிட்டார்கள் என்ற நிம்மதி.

ரிஃபானாவின் தந்தை முகமது ரபீக் மணமேல்குடியில் வலைக்கடை வைத்திருக்கிறார். முதல் சோதனைக்கு அவர் கடையிலிருந்து கனமான தங்கூசி நரம்பை வாங்கி வந்து மாட்டிப் பார்த்தாள். பெரிய பெரிய மீனையெல்லாம் இழுத்துப் போடும் நரம்பு, ஒரு கொத்துக் கோரையில் அடிபட்டுச் சிதறியது. அதற்கு அவர் வருத்தப்பட்டு, என் நரம்பு மீனுக்கு உண்டானது, அதைப் புல்லுக்குக் காட்டினால் அதற்குத்தான் கேவலம் என்றாராம்.

மரத்தை ஒட்டி வெட்டும்போது நரம்பு பட்டையைக் கிழிக்கக்கூடாது என்பதற்காக, தலையின் அடியில் தனியாகச் சுழலும் ஒரு கிண்ணத்தை வைத்தாள். தலை சுழன்றாலும் கிண்ணம் மரத்தில் சாய்ந்துகொண்டு சும்மா நிற்கும். நரம்பு மரத்தைத் தொடாமல் புல்லை மட்டும் எடுக்கும். இது பாசித்தின் யோசனையா தன்னுடையதா என்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது.

4

கதையில் ஏதாவது பணயம் வேண்டும் என்பார்கள். இதில் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

கோபிநாத் ஒருவழியாகச் சம்மதித்து இரும்பில் அச்சு வெட்டிவிட்டார். அவர் நல்லவர்தான், கொஞ்சம் பதற்றக்காரர். கோயம்புத்தூரில் விவசாய மிஷின்களை மொத்தமாக விற்கும் பீட்டர் என்பவரிடம் பேசி, வந்து பார்க்கச் சொன்னார். பீட்டருக்குப் பிடித்தால் தலை தமிழ்நாடு முழுக்கப் போகும். பிடிக்காவிட்டால் அச்சு பழைய இரும்புக்குப் போகும். அதில் இரண்டாம் பேச்சில்லை என்று கோபிநாத் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதே சமயத்தில் ஷார்ஜாவிலிருந்து ரிஃபானாவுக்கு விசா வந்துவிட்டது. ரொம்ப நாள் அலைந்து பாசித் வாங்கியது. சொந்தக்காரர்கள் எல்லாரும் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கத் தொடங்கினார்கள். அவள் பாசித்திடம், இந்தத் தலை முடியட்டும் மச்சான் என்றாள். சரி என்றான். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு விசாரணையோடு போனை வைத்துவிட்டான்.

ரிஃபானாவுக்குப் புரிந்தது. தலை தோற்றால் தாராளமாக விமானம் ஏறலாம். ஆனால் தோற்றுப்போனவளாக ஏறவேண்டும். தலை ஜெயித்தால் அச்சை விட்டு அசையமுடியாது. உற்பத்தி முழுக்க அவள் கையில்தான் இருக்கும். தொழுகையில் எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அல்லாவே, எது நல்லதோ அதைக் கொடு என்று பொதுவாகக் கேட்டுவைத்தாள். கேட்டுவிட்டு, தலையும் நல்லதுதான் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாளாம். இதை எழுதவேண்டாம் என்றாள். மனிதர்களைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னதை நினைவுபடுத்தினேன்.

5

சோதனை நடந்த இடம் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பு. தோப்பு சந்தனமேரி என்கிற அம்மாளுடையது.

முந்திரிக்கொட்டை கீழே உதிர ஆரம்பிப்பதற்கு முன்னால் மரத்தடியில் புல்லைச் சுத்தமாக எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் விழுந்த கொட்டை கண்ணுக்குத் தெரியாது. போன பருவத்தில் ஒருத்தர் இரும்புக் கத்தி மாட்டிய மிஷினோடு வந்து, அடிமரத்தில் எல்லாம் காயம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். காயத்தில் பிசின் வடிந்து, அதில் தண்டுத் துளைப்பான் புழு இறங்கி, காய்த்துக் குலுங்கிய மரங்கள் பட்டுப்போயின. அதிலிருந்து மிஷினோடு யாரையும் சந்தனமேரி தோப்புக்குள் விடுவதில்லை. கந்தர்வக்கோட்டையில் புல்வெட்டும் மிஷின்களை வாடகைக்கு விடும் வசந்தகுமார் கெஞ்சிக் கூத்தாடித்தான் இதற்கு அனுமதி வாங்கினான். அந்த அம்மாள் ஒரே ஒரு மரத்தைக் காட்டி, அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றார்.

காலை வெயில் இதமாக இருந்தது. பீட்டர் வெள்ளைச் சட்டையும் புது ஷூவுமாக வந்து இறங்கினார். தோப்பில் சந்தனமேரி வளர்க்கும் வான்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் குஞ்சுகளை மூடிவைக்கும் மூங்கில் பஞ்சாரம் ஒன்று பக்கத்தில் காலியாகக் கிடந்தது. ரிஃபானா தன் போனைப் பக்கத்து மரத்தின் கவட்டையில் செருகிவைத்தாள். அதில் வீடியோ காலில் பாசித், ஷார்ஜாவில் ஒரு புல்வெளியின் நடுவில், வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தகுமார் மிஷினைத் தோளில் மாட்டினான். ரிஃபானா தலையைப் பொருத்தி, கையால் இறுக்கி, சரிபார்த்தாள். அவள் நகர்ந்ததும் கோபிநாத் பதற்றத்தில் குனிந்து, எதற்கும் இருக்கட்டும் என்று தலையை வலதுபக்கமாக ஒரு திருகு திருகிவிட்டார்.

[உலகத்தில் இருக்கிற மரையெல்லாம் வலதுபக்கம் திருகினால் இறுகும். இந்த மிஷினில் தலை மாட்டுகிற இடத்தில் மட்டும் இடதுபக்கம் திருகினால்தான் இறுகும். சுழல்கிற சுழற்சியில் கழன்றுவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, கோபிநாத் இறுக்கினார் என்றால் தளர்த்தினார் என்று அர்த்தம்.]

இந்த இடத்தில் நிறுத்தி உங்களைக் கொஞ்சம் தவிக்கவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேனே. போகட்டும்.

மிஷின் கிளம்பியது. அடடா என்று இருந்தது. புல் வெட்டுப்படுவது தெரியவில்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான். வசந்தகுமார் கிண்ணத்தை மரத்தில் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மரத்தைச் சுற்றி முடிவெட்டின பிடரிபோல ஒரு வட்டம் விழுந்தது. பீட்டர் தன்னை அறியாமல் இரண்டு அடி முன்னால் வந்தார். போனில் பாசித், உதட்டைப் பார், உதடு சூடாகிறதா பார் என்று கத்திக்கொண்டிருந்தான். ரிஃபானா உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாக வாயால் பேசிப் பேசிச் செய்த பொருள், கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்தது.

எல்லாருடைய முகத்தையும் பார்க்கும் ஆசையில் வசந்தகுமார் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். எஞ்சின் வேகம் குறைந்தது. தலை குறையவில்லை. அது தன் பாட்டுக்குச் சுழன்று, தளர்ந்திருந்த மரையில் பிரிந்து, குழாயை விட்டு இறங்கித் தரையில் நின்றது.

பம்பரம்போல நின்று சுழன்றது. நரம்பு இரண்டும் புழுதியை வாரி இறைத்தன. பிறகு கொஞ்சம் சாய்ந்தது. சாய்ந்ததும் ஓட ஆரம்பித்தது.

முதலில் வான்கோழிகளை நோக்கி ஓடியது. அவை பறக்கத் தெரியாது என்பதை மறந்து பறந்தன. ஒரு வேரில் மோதித் திரும்பி, கோபிநாத்தை நோக்கி வந்தது. அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுபடி ஒரு கல்லில் பட்டு பீட்டரை நோக்கிப் போனது. முந்திரி மரம் தரையிலிருந்தே கிளை விடும் மரம் என்பது பீட்டருக்கு நல்லதாகப் போயிற்று. புது ஷூவோடு ஏறினார். ஏறின மரம், போன் இருந்த மரம்.

இனி பாசித் பார்த்ததைச் சொல்கிறேன். அவன் பார்த்தது ஒரு ஷூவின் அடிப்பாகம். பிறகு வானம். பிறகு எல்லாம் சுற்றியது. பிறகு மிக அருகில் ஒரு வான்கோழியின் முகம்.

அவன் ரிஃபா, ரிஃபா என்று கத்தினான். வான்கோழிக்கு ஒரு குணம் உண்டு. யார் சத்தம் போட்டாலும் பதிலுக்குச் சத்தம் போடும். போன் ஒருமுறை ரிஃபா என்றது. அத்தனையும் சேர்ந்து கொளகொளகொள என்றன. மறுபடி ரிஃபா, மறுபடி கொளகொளகொள. ஷார்ஜாவில் ஒரு மனிதன் கதறக் கதற, கந்தர்வக்கோட்டையில் அதற்குக் கோரஸ் நடந்தது.

ரிஃபானா என்ன செய்தாள்? கொஞ்ச நேரம் அவளால் அசையமுடியவில்லை. ஓடுவது அவளுடைய தலை. எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனதே போனது, யாருக்கும் அடிபடக்கூடாது என்று தோன்றியதும் கால் கிளம்பியது. பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வளைத்து வளைத்து ஓடிய தலையைத் துரத்தி, ஒரு கோழிக்குஞ்சைக் கவிழ்ப்பதுபோல மேலே போட்டுக் கவிழ்த்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே கொஞ்ச நேரம் தடதடவென்று மூங்கிலில் அடித்தது. பிறகு டிக், டிக் என்றது. பிறகு நின்றுவிட்டது.

6

இதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு மூன்று வடிவங்கள் எழுதினேன்.

ஒன்றில் பீட்டர் இறங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போகிறார். புழுதி அடங்கியபின் ரிஃபானா தனியாக நிற்கிறாள். இதை எழுதி முடித்ததும், இது என் துறவி நாவலின் ஆட்கள் இங்கே புகுந்து செய்த வேலை என்று தெரிந்தது. துரத்திவிட்டேன்.

இன்னொன்றில் கோபிநாத் எல்லார் முன்னாலும் தன் தவறை ஒப்புக்கொள்கிறார். 'கோபிநாத் கண்கலங்கி' என்று தொடங்கினேன். அவரை நேரில் பார்த்திருப்பதால் மேலே எழுத வரவில்லை.

நடந்தது இதுதான்.

எல்லாரும் பஞ்சாரத்தையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த ரிஃபானாவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சந்தனமேரி மட்டும் தன் மரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். அடிமரத்தைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு சுற்று முழுசாகத் தடவினார். முந்தின பருவத்தில் இப்படித் தடவும்போதுதான் அவர் விரலில் பிசின் ஒட்டியது. இப்போது விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார். திரும்பி ரிஃபானாவைப் பார்த்தார். "ஏம்மா, இதையே மாட்டி என் தோப்பு பூராவும் எடுத்துக் குடுத்துருவீங்களா?"

மரத்தின்மேலிருந்து பீட்டர் குரல் கொடுத்தார். அந்த நரம்பு இன்னும் உள்ளேயே இருக்கிறதா, பிடுங்கிக்கொண்டதா, பாருங்கள் என்றார். ரிஃபானா இறங்கிப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். கல்லில் மோதி, வேரில் மோதி, மூங்கிலில் அடித்து ஓய்ந்த தலையில், நரம்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. நுனி மட்டும் நைந்திருந்தது. உதட்டில் ஒரு கீறல் இல்லை. பீட்டர் கிளையில் உட்கார்ந்தபடியே அதைக் கையில் வாங்கி, நரம்பை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கிளைதான் ஆடியது.

முந்திரிப்பழக் கறை போகவே போகாது. அந்தக் கறைபட்ட சட்டையோடு அவர் இறங்கி வந்து, ஒரே ஒரு மாற்றம் சொன்னார். தலையின்மேல் எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று பெரிதாக ஓர் அம்புக்குறி போடவேண்டும். காரிலிருந்து இறங்கி வந்த கோபிநாத், அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். அவர் சொன்னதே இல்லை.

அப்போதுதான் ரிஃபானாவுக்கு போன் நினைவு வந்தது. புல்லுக்குள்ளிருந்து தேடி எடுத்தாள். திரையில் பாசித் புல்வெளியில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்து, கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். தலதான் கழண்டுருச்சு."

"யாரு தல?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தமுடியவில்லை. அழுதுகொண்டிருந்தவனும் சிரிக்க ஆரம்பித்தான். மரத்தடியில் எல்லாரும் சிரித்தார்கள். வான்கோழிகள் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னதால் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. சந்தனமேரி சிரிக்கவில்லை. வான்கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தன.

7

இப்போது முடிவு.

தலை ஜெயித்துவிட்டது. அதாவது ரிஃபானா கிளம்பமுடியாது. ஆனால் விசா காத்திருக்கிறது. இந்தப் பேச்சு போனில் பேசுகிற பேச்சில்லை என்று பாசித் லீவு போட்டுவிட்டு வந்தான். திருச்சி விமான நிலையத்துக்கு ரிஃபானா மட்டும் பஸ் ஏறிப் போனாள். மாமியார் வேண்டுமென்றே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

பாசித்தின் பெட்டியில் சென்ட்டும் சாக்லேட்டும் இருந்ததோடு, சிக்கிப்போன பழைய தலைகள் ஒரு பை நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிக்கியவை. அவளுக்கு உதவும் என்று சேர்த்துவைத்தது. சுங்க அதிகாரி அதென்ன என்று கேட்க, அவன் விளக்கத் தொடங்கி, பின்னால் வரிசை நீண்டுபோய், கடைசியில் போய்த் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார்களாம். அதனால் தாமதம். வெளியே கம்பிக்கு அந்தப்பக்கம் ரிஃபானா தவித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது என்பதைப் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். அவனும் விமானத்தில் முடிவு செய்திருந்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்கமுடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

ரிஃபானாவிடம் தனியாகக் கேட்டேன். "அவங்கதான்க்கா மொதல்ல சொன்னாங்க, நான் வந்துர்றேன்னு" என்றாள். அதாவது அவன் ஷார்ஜாவை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனை மனதாரப் பாராட்டி, அப்படியே எழுதிவிட்டேன்.

பிறகு பாசித்திடம் தனியாகக் கேட்டேன். நான் அவனை முதல்முறை நேரில் பார்த்தது அன்றுதான். ஒல்லியாக, கூச்சமாக, என் கதையில் இருப்பதைவிட நன்றாக இருந்தான். "அவதாங்க மொதல்ல சொன்னா, நான் வந்துர்றேன்னு" என்றான். அதாவது அவள் அச்சை விட்டுவிட்டு ஷார்ஜாவுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே வாக்கியம். எழுத்துகூட மாறவில்லை. அவளை நம்பினால் அவன் ஊரோடு வருகிறான். அவனை நம்பினால் அவள் விமானம் ஏறுகிறாள். இரண்டு பேரையும் நம்பினால், அவள் அங்கே போய் இறங்கும்போது அவன் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருப்பான். பொய் சொல்கிறார்களா என்றால், தான் விட்டுக்கொடுத்ததாக யாராவது பொய் சொல்வார்கள். அடுத்தவர் விட்டுக்கொடுத்ததாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, யாரப்பா முதலில் சொன்னது என்று கேட்டேன். ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். அப்புறம் அந்தப் பழைய தலைகளில் ஒன்றை மேஜைமேல் எடுத்துவைத்து, இது ஏன் இந்த இடத்தில் உருகியிருக்கிறது என்று பேச ஆரம்பித்து, நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். சம்சுன் நிஹார் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னையும் கையைப் பிடித்து எழுப்பிப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஆனால் வாக்கியத்தை மட்டும் எழுதி, சொன்னவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் .................. சொன்னது: "நான் வந்துர்றேன்."

பெயரை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலால் போடுங்கள். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.